தள்ளிப் போனால்தான் மெதுவாகக் கேட்கும்

கலிஃபோர்னியாவில், லிவர்மோரில் இவ்வளவு குறைந்த விலைக்கு எப்படி வீடு கிடைத்தது என்று நண்பர்கள் கேட்டபோது, எல்லாம் என் சாமர்த்தியம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். குடிவந்த முதல் சனிக்கிழமை காலையிலேயே உண்மைக் காரணம் தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் தெருவையே எழுப்பும் பேக்பைப் வாசிப்பவர்.

ஓய்வுபெற்ற பல் மருத்துவர். தாத்தா காலத்தில் ஸ்காட்லாந்திலிருந்து வந்த குடும்பம். தங்கள் குடும்பத்துக்கே உரிய கட்டம் போட்ட கில்ட் பாவாடையை விசேஷங்களுக்கு மட்டும் கட்டுவார், மற்ற நாட்களில் அரை டிராயர்தான். பையை அக்குளில் இடுக்கி, ஊதி நிரப்பி, முழங்கையால் அழுத்துவார். தோளில் சாய்ந்திருக்கும் மூன்று குழல்களும் மூச்சு விடாமல் சுருதி பிடிக்க, கையிலிருக்கும் குழலில் பாட்டு வரும். முன்பு ஏதோ கலகத்தின்போது, இது வாத்தியமே இல்லை, போர் ஆயுதம் என்று தீர்ப்பெழுதி, வாசித்தவர் ஒருவரைத் தூக்கில் போட்டார்களாம். அவர் வருத்தத்தோடு சொன்னார். அந்த நீதிபதியும் ஒரு பேக்பைப்காரருக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

என் மனைவிக்கோ அது பிடித்துப்போயிற்று. நாதஸ்வரப் பைத்தியம் அவள்.

"ஒத்து ஊத தனியா ஒரு ஆள் வேண்டாம் பாருங்க. மூணு ஒத்துக்குழலையும் தோள்லயே தூக்கிட்டு நடக்கறார்" என்றாள்.

"நம்ம வீட்ல அந்த வேலைக்கு நான் இருக்கேனே."

"நீங்க ஊதுவீங்க. ஆனா சுருதி சேராது."

போன வசந்தத்தில் அவளுக்குச் சிகிச்சையை நிறுத்திவிட்டார்கள். புற்றுநோய் எலும்பு வரை போயிருந்தது. கடைசி நாட்களைப் பார்த்துக்கொள்ளும் ஹாஸ்பிஸ்காரர்கள் கட்டில் கொண்டுவந்து, மலையைப் பார்த்த பின்பக்க ஜன்னலோரம் போட்டார்கள். செய்தி தெரிந்ததும் பக்கத்து வீட்டில் சத்தம் நின்றுபோனது. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அவள்தான் கேட்டாள்.

"ஏங்க, அவர் ஊர்ல இல்லையா?"

"நமக்கு டிஸ்டர்ப் ஆகும்னு நிறுத்தியிருப்பார்மா."

"யாருக்கு டிஸ்டர்ப்? போய் வாசிக்கச் சொல்லுங்க. நான் இருக்கற வரைக்கும் எனக்கு அது வேணும்."

அந்த நாட்களில் அவள் தனக்கென்று என்னிடம் கேட்டது இது ஒன்றுதான். அதனால் போனேன். அவள் கேட்டதைச் சொன்னதும் அவர் சரி என்றார். தங்களிடம் இறந்தவர்களுக்காக வாசிக்கும் பெரிய பெரிய புலம்பல்கள் உண்டு, அவற்றை மட்டும் இப்போது வாசிக்க மாட்டேன் என்றார். அவளிடம் சொன்னேன்.

"கல்யாணத்துக்கு வாசிக்கறதை வாசிக்கச் சொல்லுங்க" என்றாள்.

அன்று சாயங்காலம் எங்கள் புல்வெளியில் நின்று தொடங்கினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள். நான் ஓடிப்போய், கொஞ்சம் மெதுவாக வாசிக்க முடியுமா என்று கேட்டேன். அவர் வாத்தியத்தை இறக்கிவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். இதை மெதுவாக வாசிக்கவே முடியாது, அழுத்தம் குறைந்தால் சத்தம் மொத்தமாகச் செத்துவிடும், மெதுவாகக் கேட்க வேண்டுமென்றால் வாசிப்பவன்தான் தள்ளிப் போக வேண்டும் என்றார். வேலிக் கதவைத் திறந்து, வாசித்தபடியே மலைப்பாதையில் ஏறினார். காய்ந்த புல்லுக்கு நடுவே ஓக் மரத்தடிக்குப் போனதும் அவள் விரலைத் தூக்கி, "அங்கேயே" என்றாள். கையசைத்து அவரை நிறுத்தினேன்.

பிறகு தினமும் அப்படித்தான். அவள் உடம்பு தளரத் தளர, சத்தமும் தாங்கவில்லை. அவர் மரத்தடியிலிருந்து தண்ணீர்த் தொட்டிக்குப் போனார், அங்கிருந்து மேட்டு உச்சிக்குப் போனார். ஜன்னலிலிருந்து பார்த்தால் கட்டைவிரல் அளவுதான் தெரிவார். அவர் சின்னதாக ஆக ஆக எனக்குப் பயமாக இருந்தது. அதற்கு மேலே மலை இல்லை. அவள் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, போர்வைமேல் விரலால் தாளம் போடுவாள்.

ஒரு நாள் அவர் உச்சியில் நின்று வாசித்துக்கொண்டிருந்தார். காற்று எங்கள் பக்கம் வீசியதால் எனக்கு நன்றாகவே கேட்டது. அவள் விரல் அசையவில்லை.

"இன்னைக்கு அவர் வரலையா?" என்றாள்.

கொஞ்சம் கிட்டே வாருங்கள் என்று அவருக்கு மெசேஜ் அனுப்பிவிட்டு, ஜன்னலில் நின்று கையாட்டிக்கொண்டே இருந்தேன். தொட்டிக்கு வந்தார், மரத்தடிக்கு வந்தார், வேலியைத் தாண்டி வந்தார். நான் ஜன்னலை முழுதாகத் திறந்தேன். முகம் சிவக்க, கண் நிறைய நீரோடு, கட்டிலுக்கு இரண்டடி தள்ளி வெளியே நின்று வாசித்தார். மேசைமேல் மருந்து பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. என் காது வலித்தது. அவள் கண்ணைத் திறக்காமல் காத்திருந்தாள்.

"வெயில் ஜாஸ்தி போல. பாவம், வயசானவர், மேல ஏற முடிஞ்சிருக்காது. நாளைக்கு வரட்டும்" என்றாள்.

நாளைக்குக் கண்டிப்பாக வருவார் என்று அவள் காதில் வாயை வைத்துக் கத்தினேன். அதுவும் அவளுக்குக் கேட்கவில்லை.