ஃபவுலுக்கு ஒரு ‘ங்க’

முதலில் குற்றம் மைக் மேல்தான் விழுந்தது.

கோவையில் ஓர் உள்ளரங்கம். கூடைப்பந்து லீக் ஆட்டம். எங்கள் அணிக் கேப்டன் வெகு தூரத்திலிருந்து எறிந்த பந்து வளையத்தைத் தொடாமலே உள்ளே இறங்கியது. “மூன்று புள்ளி” என்று நான் இழுத்து முழங்க வேண்டிய இடம். ‘மூ’ வந்தது. ‘ன்று’ வரவில்லை. குக்கர் விசில் அடங்கும்போது கடைசியில் ஒரு காற்று வருமே, அது மட்டும் வந்தது.

சவுண்டு சர்வீஸ் தண்டபாணி ஓடிவந்து பேட்டரியை மாற்றினார். அதே காற்று. வேறு மைக் கொடுத்தார். அதிலும் அதே காற்று. கடைசியில் மைக்கை அவரே வாங்கி “ஹலோ, ஒன், டூ” என்றார். அரங்கமே அதிர்ந்தது. மைக்கைத் திரும்ப என் கையில் வைத்துவிட்டு என் கழுத்தைப் பார்த்தார்.

“ஏனுங்க, ரிப்பேர் இதுல இல்லீங்க.”

ஆசிரியர்கள், கண்டக்டர்கள், சந்தையில் ஏலம் கூவுகிறவர்கள், கோயில் மைக்கிலும் சர்ச் மைக்கிலும் பேசுகிறவர்கள், இப்படித் தொண்டையை நம்பிப் பிழைக்கிற எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன். குரல் கம்மினால் மைக்கைத் திட்டாதீர்கள். நான் நாலு மாதம் திட்டினேன்.

நான் பெருந்துறைக்காரன். படிப்பு பத்தாவதோடு நின்றது, பேச்சு நிற்கவில்லை. ‘வாயுள்ள பிள்ளை பிழைக்கும்’ என்பார்கள். என்னை அப்படித்தான் பிழைக்க அனுப்பினார்கள். முதல் வேலை கோவையில் ஒரு பொருட்காட்சியில், காணாமல் போன குழந்தைகளை மைக்கில் அறிவிப்பது. முதல் நாளே ஒரு குழந்தை வந்தது. பச்சைப் பாவாடை, ஒரு காலில் மட்டும் செருப்பு. பெயர் கேட்டால் ‘அம்மணி’ என்றது. அதையே அறிவித்துவிட்டேன். ஐந்து அப்பாக்கள் ஓடிவந்தார்கள். எங்கள் பக்கம் எல்லாப் பெண் குழந்தையும் அம்மணிதான் என்பது மைக்கைப் பிடித்ததும் எனக்கு மறந்துபோயிருந்தது.

பக்கத்து மைதானத்தில் கூடைப்பந்துப் போட்டி. அங்கே அறிவிப்பாளர் வரவில்லையென்று என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கு ஆட்ட விதி ஒன்றும் தெரியாது. பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். “அவரு கையில இவரு தட்டிட்டாருங்க. அதனால ஃபவுலுங்க. எறியப்போறாருங்க, அமைதியா இருங்க.” சனங்களுக்குப் பிடித்துப்போயிற்று. அந்த ‘ங்க’தான் என்னை ஊர் ஊராகக் கூட்டிப்போய், கடைசியில் சம்பளம் தரும் லீக்கில் உட்கார வைத்தது.

லீக்கில் ஆட்டங்களை வெளியூர்க்காரர்களும் இணையத்தில் பார்க்கிறார்கள். மேனேஜர் என்னைத் தனியாக அழைத்து, கம்பீரம் வேண்டும் என்றார். “ஃபவுலுக்கு எதுக்குங்க மரியாதை? வேண்டாமுங்க” என்றார். அவரும் எங்கள் கொங்குப் பக்கம்தான், கோபிக்காரர். தான் சொன்னதில் எத்தனை ‘ங்க’ இருந்தது என்று அவருக்குத் தெரியாது. நானும் எண்ணிக் காட்டவில்லை.

‘ங்க’வை விட்டேன். அது இருந்த இடம் காலியாக இருந்தது. அங்கே கம்பீரத்தை வைக்க வேண்டுமே என்று அடித்தொண்டையிலிருந்து குரலை இழுத்தேன். இரண்டு சீசன் இழுத்தேன்.

துடியலூரில் எங்கள் வீட்டுக்கு அருகில் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர் இருக்கிறார். நிதானமான அம்மா. மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை விட்டு ஸ்ட்ரோபோஸ்கோப்பி (விட்டு விட்டு எரியும் வெளிச்சத்தில் குரல் நாண்களின் அசைவைப் பார்க்கும் சோதனை) செய்தார். திரையில் என் குரலை முதன்முறையாகக் கண்ணால் பார்த்தேன். இரண்டு வெள்ளைப் பட்டைகள், கதவு போலத் திறந்து மூடின. ஒரு பட்டையின் ஓரத்தில் ஜவ்வரிசி அளவுக்கு ஒரு சிவப்பு மணி. அதனால் கதவு சரியாகச் சாத்தவில்லை. இடுக்கு வழியே காற்று போயிற்று.

“பாலிப் (குரல் நாணில் வளரும் சிறு சதை). கத்துற வேலையா உங்களுக்கு?”

“கத்துறதில்லைங்க. அறிவிக்கிறேன்.”

“மைக் வெச்சுத்தான?”

“ஆமாங்க.”

“அப்புறம் எதுக்குத் தொண்டையில ரெண்டாவது மைக்?”

திரையில் அந்தச் சிவப்பு மணியை இன்னொரு முறை பார்த்தேன்.

வாய் வழியாகவே குழாய் செலுத்தி, நுண்ணோக்கியில் பார்த்து அந்த மணியை எடுத்தார்கள். வெளியே தழும்பு கிடையாது. எடுத்த சதை பயாப்சிக்கு (புற்றுநோய் உண்டா என்று பார்க்கும் சோதனை) போயிற்று. முடிவு வரும்வரை என் மனைவி கோகிலா பூண்டு உரித்துக்கொண்டே இருந்தாள். வீட்டில் அத்தனை பூண்டுக்குத் தேவை இல்லை. பயப்பட ஒன்றுமில்லை என்று முடிவு வந்த அன்று அவள் வைத்த பூண்டுக் குழம்பு மூன்று நாள் இருந்தது.

பழைய குரல் வருமா என்று மருத்துவரிடம் எழுதிக் காட்டிக் கேட்டேன். “வரலாம். ஆனா அந்த அடித்தொண்டைக் குரல் வேண்டாம், அது திரும்பவும் உங்கள இங்கதான் கூட்டிட்டு வரும்” என்றார். அந்தக் குரலுக்குத்தானே லீக் என்னை வைத்திருக்கிறது? அடுத்த சீசன் மூன்று மாதத்தில் தொடங்குகிறது. என் நாற்காலியில் தற்காலிகமாக வேறொருவரை வைத்திருந்தார்கள்.

ஒரு வாரம் முழு மௌனம். கிசுகிசுக்கவும் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதை நான் நம்பவில்லை. சத்தம் வராத பேச்சு எப்படிப் பேச்சாகும் என்று, பால்காரரிடம் நாளைக்கு அரை லிட்டர் போதும் என்று கிசுகிசுத்தேன். கோகிலா பால் குண்டாவோடு என்னை மருத்துவர் அளவுக்கு முறைத்தாள். நீங்கள் இந்தத் தவறைச் செய்யாதீர்கள். கிசுகிசுக்கும்போது குரல் நாண் இன்னும் இறுகித் தவிக்குமாம்.

அதன்பிறகு சிலேட்டுதான். சிலேட்டில் இடம் கம்மி, எனக்குப் பொறுமையும் கம்மி. ‘ங்க’வை விட்டுவிட்டு எழுதினேன். கோகிலாவின் அண்ணன், என் மூத்த மச்சான், பவானியிலிருந்து பார்க்க வந்தார். ‘உட்கார்’ என்று எழுதினேன். உட்கார்ந்தார். ‘சாப்பிட்டுப் போ’ என்று எழுதினேன். சாப்பிடாமலே போய்விட்டார். வாசலில் தங்கையிடம் அவர் சொன்னது என் காதில் நன்றாக விழுந்தது.

“ஏம் அம்மணி, மாப்பிள்ளைக்குத் தொண்டையில ஆப்பரேசனா, மரியாதையில ஆப்பரேசனா?”

சிரிக்கவும் தடை. தலையணையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்று மாலை கோகிலா பழைய காலண்டர் அட்டையை வெட்டி, கொட்டை எழுத்தில் ‘ங்க’ என்று எழுதிக் கையில் கொடுத்தாள். சிலேட்டைக் காட்டியதும் பக்கத்தில் அட்டையைத் தூக்க வேண்டும். ‘தண்ணி வேணும்’, அட்டை. ‘வலி இல்லை’, அட்டை. தெருவில் எல்லோருக்கும் அட்டையைத் தெரிந்துபோயிற்று. மச்சானுக்கு அட்டையோடு ஒரு புகைப்படம் அனுப்பினோம். மறுநாளே வந்து இரண்டு வேளை சாப்பிட்டார்.

எட்டாவது நாள் பேச்சுப் பயிற்சியாளர் ஜெசிந்தாவிடம் போனேன். என் மகள் வயது இருக்கும். முதல் வாரம் தண்ணீர் டம்ளரில் ஸ்ட்ராவை விட்டு ‘ஊ’ என்று குமிழி விடச் சொன்னார். வீட்டில் நான் குமிழி விட, கோகிலா அடுப்படியில் சிரிப்பாள். இரண்டாவது வாரம், தொண்டையை அழுத்தாமல் மூக்கெலும்பில் அதிர்கிற ஒரு சத்தம் வேண்டும் என்றார். ‘ம்’ சொன்னேன், தொண்டைக்கே போயிற்று. ‘ந்’ சொன்னேன், அதுவும் போயிற்று. சலித்து, பையிலிருந்து சிலேட்டை எடுத்து ‘வராது’ என்று எழுதி, பழக்கதோஷத்தில் அட்டையைத் தூக்கினேன்.

ஜெசிந்தா அட்டையையே பார்த்தார்.

“இதச் சொல்லுங்க. முதல் எழுத்த மட்டும். கொஞ்சம் நீட்டி.”

“ங்...”

“மூக்குத்தண்டுல வெரல் வைங்க. அடுத்தவங்க ஊட்டு வாசல்ல நின்னு, ஆளிருக்குதுங்களான்னு கேப்போமில்ல, அந்த மாதிரி மெதுவா.”

வைத்தேன். விரல் நுனியில் ஏதோ தேனீ மாதிரி அதிர்ந்தது. உள்ளே ஆள் இருந்தது.

நான் தூக்கி எறிந்த எழுத்துதான் என் குரலுக்கு வாசற்படி. ‘ங்’கில் தொடங்கி ‘ங்க’வுக்கு வந்து, ‘வாங்க’, ‘போங்க’, ‘இருங்க’ என்று ஒரு மாதம் நடந்தோம். உலகத்திலேயே இவ்வளவு மரியாதையான வைத்தியம் வேறு இருக்காது.

சீசனின் முதல் ஆட்டத்துக்கு மருத்துவர் ஒரு குவார்ட்டருக்கு (ஆட்டத்தின் கால் பகுதி, பத்து நிமிடம்) மட்டும் அனுமதி தந்தார். மேனேஜர் என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். குரல் தாங்கினால்தான் நாற்காலி எனக்கு. தண்டபாணி பேட்டரியை இரண்டு முறை சோதித்தார்.

வீரர்களின் பெயர்களைச் சொன்னேன். என் குரல் மெலிதாக, வெயிலில் காய்ந்த துணி போல இருந்தது. கம்பீரம் இல்லை. உடையவும் இல்லை. மேனேஜர் காலை ஆட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவது நிமிடம் எதிரணி வீரர் எங்கள் ஆளின் கையில் தட்டினார்.

“ஃபவுல்” என்றேன். இரண்டு சீசன் பழக்கம், அங்கேயே நின்றுவிட்டேன்.

எதிர் வரிசையில் கோகிலா எழுந்தாள். கைப்பையிலிருந்து காலண்டர் அட்டையை எடுத்துத் தலைக்கு மேல் தூக்கினாள். அவளைச் சுற்றியிருந்த பத்துப் பேர் அதைப் படித்துச் சொன்னார்கள். பிறகு அந்தப் பக்கம் முழுக்கச் சொன்னது. அடுத்த ஃபவுலுக்கு அரங்கமே காத்திருந்தது. நான் “ஃபவுலு” என்று நிறுத்த, ஆயிரம் தொண்டைகள் “ங்க” என்றன. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு சத்தமும் வந்தது.

பத்து நிமிடம் முடிந்ததும் மேனேஜர் வெந்நீரை நீட்டினார்.

“‘ங்க’ இருந்துட்டுப் போகட்டுங்க” என்றார். “கூட்டத்தோட நானும் சொல்லிப்போட்டனுங்க.”

இப்போது முழு ஆட்டமும் என்னுடையது. ஆனால் பழைய ஆள் இல்லை. காலையில் எழுந்ததும் குரல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கண்ணாடி பார்க்கிறேன். ஒரு நாளைக்கு இவ்வளவு பேச்சுதான் என்று தெரிந்தபின், மற்றவர் பேசுவது நன்றாகக் கேட்கிறது.

ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்கு ஈடாக, யாரும் தடுக்காமல் எறியும் வாய்ப்பு) எறிய வீரருக்கு ஐந்து நொடி உண்டு. அந்நேரம் அறிவிப்பாளர் வாய் திறக்கக் கூடாது. முன்பெல்லாம் அந்த ஐந்து நொடி எனக்கு ரேஷன் கடை வரிசை போல நீளும். இப்போது போதவில்லை. அரங்கம் அடங்குகிறது, பந்து தரையில் இரண்டு முறை தட்டுகிறது. நான் மைக்கைத் தள்ளிவைத்து, மூக்குத்தண்டில் விரலை வைத்து, யாருக்கும் கேட்காமல் ‘ங்’ என்கிறேன்.

ஊட்டுல ஆளிருக்குதுங்களா?

விரல் அதிர்கிறது. இருக்குதுங்க.