குங்குமம் வழிந்த மெசின்

கணேசலிங்கத்துக்குக் கோபம் வராது. சிரிப்பும் வராது. இலங்கையிலிருந்து படகில் வந்து, தற்காலிக விசாவில் தங்கி, சிட்னியில் பிளாஸ்டிக் குழாய்களுக்கு மூட்டு வார்க்கும் தொழிற்சாலையில் சேர்ந்த நாளிலிருந்து ஒரே முகம்தான். தொழிற்சாலையைப் பூட்டப்போகிறோம் என்று அறிவித்தபோதும் தலையை ஆட்டிவிட்டு மத்தியானச் சோற்றைச் சூடாக்கப் போனார்.

தாய்க் கொம்பனி அமெரிக்காவில். உற்பத்தியெல்லாம் இனி அங்கேயே என்று முடிவாம். கணேசலிங்கம் ஓட்டிய பெரிய மெசினும் கப்பல் ஏறும். அது போகும்வரைதான் அவருக்கு வேலை. மனிதர் வாய்விட்டுப் பேசுவதே அந்த மெசினோடு மட்டும்தான்.

சிட்னியின் வென்ட்வேர்த்வில் பகுதித் தமிழ்க் கடையில் இதே கதை வேறு விதமாக ஓடும். அமெரிக்காவில் தொழிற்சாலைகள் திரும்ப எழும்புகின்றன என்பார் நாகராஜன் அங்கிள். கட்டடம்தான் எழும்புகிறது, வேலையெல்லாம் ரோபோவுக்கு என்பார் சிவபாதசுந்தரம் அங்கிள். இரண்டு பேரும் அமெரிக்காவை டிவியில் பார்த்ததோடு சரி. நடுவில் கணேசலிங்கம் ரோல்ஸ் தின்றுகொண்டிருப்பார்.

கப்பலில் ஏற்றுவதற்குமுன் அமெரிக்க எஞ்சினியர் வீடியோவில் மெசினைப் பார்த்தார். பக்கவாட்டில் சிவப்பாக ஏதோ வழிந்திருந்தது. மெசினுக்குள் ஓடும் எண்ணெயும் சிவப்பு. ஆகவே கசிவு என்று தீர்ப்பாகிவிட்டது. உண்மையில் அது ஆயுத பூசைக்குக் கணேசலிங்கம் வைத்த குங்குமம். பிசுக்கில் ஊறி, சின்னப்பிள்ளை மூக்கு மாதிரி ஒழுகியிருந்தது.

கசிவு பிடிபடும்வரை மெசின் போகாது. பக்கத்து மெசினில் நின்ற உமாசுதன் காதுக்குள் சொன்னான்:

"அண்ணை, வாயைத் திறக்காதேங்கோ. தேடுற மட்டும் தேடட்டும். எங்களுக்கும் வேலை இருக்கும்."

அவர் எப்போது வாயைத் திறந்தார்? கசிவைத் தேடும் வேலையும் அவருக்கே கிடைத்தது. குழாய் குழாயாகக் கழற்றி, இல்லாத ஓட்டையை முழுச் சிரத்தையோடு தேடினார்.

அமெரிக்கருக்கு அலுத்துவிட்டது. மெசினை வெட்டிப் பழைய இரும்புக்குப் போடுங்கள், நாங்கள் புதிது வாங்குகிறோம் என்றார். சென்னைக்கார சூப்பர்வைசர் விவேக் இதை நல்ல செய்தியாகவே கொண்டுவந்தார். வெட்டி முடிக்க மாதக்கணக்காகும், அந்த வேலையும் உங்களுக்குத்தான் என்றார்.

கணேசலிங்கம் கையுறையைக் கழற்றினார். பெருவிரலால் சிவப்பைத் துடைத்து விவேக்கின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"லீக் இல்லை. குங்குமம். நான்தான் வைச்சனான்."

விவேக் முகர்ந்து பார்த்தார். "முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"கேக்கேல்லையே."

உமாசுதன் அன்று மத்தியானச் சோற்றை வேறு மேசையில் போயிருந்து தின்றான். மெசினைப் பெட்டிக்குள் இறக்கினார்கள். பலகை அடிக்குமுன் கணேசலிங்கம் குனிந்து அடிப்பக்கத்தில் புதுசாக ஒரு பொட்டு வைத்தார். இந்தமுறை எந்தக் கமராவும் எட்டாத இடத்தில்.

பெட்டி லொறி ஏறிப் போனது. சாயங்காலம் கடையில் அதே சண்டை. நாகராஜன் அங்கிள் இவர் பக்கம் திரும்பினார்.

"நீர் பக்டரி ஆள். நீரே சொல்லும், அங்கை வேலை கூடுதோ இல்லையோ?"

"ஓம். ஒரு மெசினுக்குக் கிடைச்சிருக்கு."

இரண்டு அங்கிள்மாரும் அதைத் தங்கள் கட்சிக்கு விழுந்த வாக்காக எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகக் கத்தினார்கள். கணேசலிங்கம் ரோல்ஸின் மிச்சப் பாதியைப் பேப்பரில் சுற்றிப் பையில் வைத்தார், நாளைய மத்தியானத்துக்கு. வைத்த பிறகுதான் நாளைக்கு எங்கும் போகத் தேவையில்லை என்பது ஞாபகம் வந்தது. வெளியே எடுத்துத் தின்றார். ஆறிப்போயிருந்தது.