திரும்பிப் பார்த்த கேமரா

மலைமேல் இருக்கும் வளப்பூர் நாட்டு ஊர்களில் இன்டர்நெட் என்றால் கோகிலாதான். நாமக்கல்லில் டிப்ளமோ முடித்துவிட்டு மலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். தன் வீட்டையும் சேர்த்துப் பதினான்கு வீடுகளுக்கு ரவுட்டர் மாட்டிக் கொடுத்தவள் அவள். எந்தப் பெட்டி நல்லது என்று பார்த்து, எல்லா வீட்டுக்கும் ஒரே மாடலாகத் தேர்ந்தெடுத்ததும் அவளே. மிளகு காயும் களத்துக்குக் குரங்கு வந்தால் செல்போனிலேயே பார்த்துக்கொள்ள வீட்டுக்கொரு கேமராவும் வைத்தாள். நல்ல பெயர்தான் எடுத்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை அவள் வீட்டுக் கேமரா தானாகத் திரும்பியது. களத்தை விட்டுவிட்டு, மெல்ல வந்து வாசலைப் பார்த்து நின்றது. செல்போனை அவள் தொடவேயில்லை.

கேமராவைக் கழற்றிவிட்டு ரவுட்டரைத் திறந்து பார்த்தாள். பாஸ்வேர்டு செல்லவில்லை. எவனோ உள்ளே புகுந்து மாற்றியிருக்கிறான். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக வைத்தாள். இரண்டே நாளில் மறுபடி அதே கதை. கம்பெனிக்காரன் அந்த மாடலை எப்போதோ கைகழுவிவிட்டான். சாஃப்ட்வேரில் இருக்கும் ஓட்டையை அடைக்க ஆளில்லை. ஓட்டையோடு காலம் தள்ளலாம். இல்லையென்றால் அந்தப் பழைய சாஃப்ட்வேரை வழித்தெறிந்துவிட்டு ஓப்பன் டபிள்யூஆர்டி என்ற இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றலாம். ஆனால் ஏற்றும்போது பாதியில் கரண்ட் போனால் பெட்டி செத்துப்போகும்.

மற்ற பதிமூன்று வீட்டுக்கும் அவள் இன்னும் சொல்லவில்லை. முதலில் நம் பெட்டியில் செய்து பார்ப்போம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். உண்மையில், சொல்லப் பயம்.

சனிக்கிழமை மதியம் துணிந்துவிட்டாள். பெட்டிக்கு அடியில் இருந்த மாடல் நம்பரை மூன்று முறை சரிபார்த்து, லேப்டாப்பில் பொத்தானை அழுத்தினாள். ரவுட்டரில் விளக்கு மினுக்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தூரத்தில் எங்கோ ஓர் இடி உருண்டது.

போன வருஷம் இடியில் டிவி கருகியதிலிருந்து, சத்தம் கேட்டதும் மாமியார் மாராயியின் கை பிளக்குக்குத்தான் போகும். அடுப்படியிலிருந்து ஓடி வந்தவர் ஒரே பிடுங்காகப் பிடுங்கிவிட்டார்.

"அத்தே! என்ன பண்ணிப்போட்டீங்க!"

"இடி இடிக்குது கண்ணு. பொட்டி கருகிப் போயிருமில்ல?"

திரும்பச் செருகிப் பார்த்தாள். விளக்கு எரியவில்லை. கோகிலா அழுதேவிட்டாள். அப்போதுதான் செல்போன் அடித்தது. அந்தப் பதிமூன்று வீட்டில் ஒரு வீட்டுக்காரி, தேன்மொழி.

"ஏனுங்க்கா, வேலையெல்லாம் ஆச்சுங்களா? எந்நேரமும் எங்களையே பாத்துட்டிருக்கறீங்க!" என்று சிரித்தாள்.

"நான் எங்க பாத்தேன்?"

"கேமராவுலதானுங்க்கா. நாலு நாளா ஊட்டுப் பக்கமே திரும்பி நிக்குது. பெரியம்மா பாக்கறாங்கன்னு பாப்பா பள்ளிக்கூடம் போறப்பெல்லாம் அதுக்கு டாட்டா காட்டிட்டுத்தான் போறா. இப்பக்கூட அதுக்கு முன்னால நின்னு ஆடிக் காட்டிட்டிருக்கறா."

கோகிலா மடியில் கிடந்த செத்த பெட்டியைப் பார்த்தாள். அவள் மாட்டிக் கொடுத்த பதினான்கு வீட்டில் இந்த ஒரு வீட்டுக்குள்தான் இப்போது எவனாலும் நுழைய முடியாது.

"பாப்பாவ உள்ள கூட்டிட்டுப் போ. ரவுட்டர் பிளக்கப் புடுங்கு."

"இங்க இடி ஒண்ணும் இல்லீங்களே அக்கா?"

"தேன்மொழி, பாக்கறது நானில்ல. புடுங்கு."

மறுமுனையில் சிரிப்பு நின்றது. "பாப்பா, இங்க வா!" என்ற அலறல் மட்டும் கேட்டது. கோகிலா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டு நம்பரைத் தேடினாள். இன்னும் பன்னிரண்டு வீடு இருந்தது.