ஆவணியில் தளத்தை மூடிய சாரதாம்மா

சாரதாம்மா போய்விட்டார்... முந்தாநாள் காலை, கிருஷ்ணகிரியில். மாரடைப்பு என்று அவர் மகள் பாரதி போனில் சொன்னாள்.

இதைப் படிக்கிற பாதிப் பேருக்கு அவரைத் தெரிந்திருக்காது. சின்னதாக ஒரு திருமணத் தகவல் மையம் நடத்தியவர். அவருடைய இணையதளம் நான் வேலை பார்க்கும் ஓசூர் ஹோஸ்டிங் கம்பெனியின் சர்வரில் இருந்தது; மற்றவர்களின் தளங்களுக்கு இணையத்தில் இடம் கொடுத்துப் பராமரிப்பதுதான் எங்கள் தொழில்.

அவருக்கு வீட்டில் தெலுங்கு, ஆபீஸில் தமிழ், மாலூர் பக்கத்து வரன்களோடு கன்னடம். மூன்றிலும் அதே அதட்டல்.

அவரோடு முதல் பேச்சே சண்டைதான். சர்வருக்கு அப்டேட் போடும்போது தளம் கொஞ்ச நேரம் நிற்கும் என்று வாடிக்கையாளர்களுக்கு மெயில் அனுப்புவோம். யாரும் படிக்க மாட்டார்கள். அதனால் போன் செய்து சொல்வது என் வேலை.

நான் விருதுநகர்க்காரன். என் பேச்சு அந்தப் பக்கத்துப் பேச்சாக இல்லாததும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஓடிபி கேட்கிற கும்பல் என்று நினைத்து, போலீசில் சொல்வதாக மிரட்டிவிட்டுப் போனை வைத்தார்.

மறுநாள் பஸ் பிடித்து ஓசூருக்கே வந்துவிட்டார்... இப்படி ஒரு கம்பெனி நிஜமாகவே இருக்கிறதா என்று பார்க்க.

மாடியேறி மூச்சு வாங்க உட்கார்ந்தவர், கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் சர்வர் எங்கே என்றார். அது இங்கே இல்லை, மும்பையில் இருக்கிறது, நாங்கள் இங்கிருந்தபடியே பார்த்துக்கொள்கிறோம் என்றேன்.

"அப்ப எம் பொண்ணுங்க போட்டோ எல்லாம் பம்பாயிலயா கெடக்குது?"

தளத்தில் பதிந்த எல்லாப் பெண்களும் அவருக்கு 'எம் பொண்ணுங்க'தான்.

சர்வரில் ஓடுகிற மென்பொருளில் அவ்வப்போது ஓட்டை கண்டுபிடிப்பார்கள், அதை அடைக்கத்தான் அப்டேட் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். இதை ஏன் இங்கிலீஷில் எழுதி அனுப்புகிறீர்கள் என்று திட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் எங்கள் மெயில்கள் தமிழிலும் போக ஆரம்பித்தன.

அப்புறம் அந்த ஆவணி...

அவர் தளத்தில் ஜாதகப் பொருத்தம் பார்க்கும் பக்கம் ஒன்று உண்டு. எப்போதோ யாரோ எழுதிக் கொடுத்தது. எழுதியவர் வெளிநாடு போய்விட்டார். மென்பொருளின் பழைய பதிப்பில்தான் அது ஓடும், புதியதுக்கு மாற்றினால் நின்றுவிடும்.

அந்தப் பழைய பதிப்பில் பெரிய ஓட்டை ஒன்று இருப்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது. அதை அடைக்க அப்டேட்டும் வராது, பதிப்பையே மாற்ற வேண்டும். எங்கள் முதலாளி, கல்யாண சீசன் முடியட்டும், அந்தம்மாவிடம் யார் திட்டு வாங்குவது என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. போன் செய்தேன். ஆடி முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தேன், இப்போதுதான் நாலு வரன் கூடி வருகிறது, ஆவணி முடியும்வரை கை வைக்காதே என்றார்.

சரி என்று வைக்கப் போனேன். அவர்தான் நிறுத்தி, எவனாவது உள்ளே புகுந்தால் எதையெல்லாம் எடுக்க முடியும் என்று கேட்டார்.

போட்டோ, போன் நம்பர், பிறந்த தேதி, வீட்டு விலாசம்... எல்லாமே என்றேன்.

 பின்னால் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்த யாரையோ அதட்டி நிறுத்திவிட்டு வந்தார்.

"அப்ப மூடிடு கண்ணு."

முழுத் தளத்தையுமா, சீசனில் எல்லாரும் வேறு மையத்துக்குப் போய்விடுவார்களே என்றேன்.

"போனாப் போறாங்க. நாளைக்கு ஒரு புள்ள படத்த எவனாச்சும் எங்கயாச்சும் போட்டுட்டான்னா, அவங்கப்பன் முன்னாடி நான் எப்பிடிப் போயி நிக்கறது? இப்பவே மூடு. நான் லைன்லயே இருக்கறன்."

இருந்தார். நான் மூடியதும் தன் செல்லில் திறந்து பார்த்து, வரவில்லை என்று உறுதி செய்த பிறகுதான் வைத்தார்.

அந்த ஆவணி முழுக்கத் தளம் மூடியே கிடந்தது. சில குடும்பங்கள் நிஜமாகவே வேறிடம் போயின. மற்றவர்களுக்காக மத்தூர், குந்தாரப்பள்ளி என்று பஸ் ஏறி வீடு வீடாகப் போய் வரன் சொன்னார். அந்த வயதில், அந்த முட்டிவலியோடு.

இடையில் ஒருநாள் சர்வரில் பதிவானதைப் பார்த்தேன். அதே ஓட்டை வழியாக யாரோ அவர் தளத்துக்குள் நுழையப் பார்த்து, ஒன்றும் கிடைக்காமல் போயிருந்தார்கள். சொன்னபோது, அவன் எந்த ஊர்க்காரன் என்பதைத்தான் விடாமல் கேட்டார்...

பொருத்தப் பக்கத்தை என்னோடு வேலை செய்த ஷைலஜா புதிதாக எழுதினாள். தளத்தை மறுபடி திறக்கும் முன் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க சாரதாம்மாவே வந்து, தன் ஜாதகத்தையும் இறந்துபோன கணவர் ஜாதகத்தையும் போட்டார்.

பொருத்தம் இல்லை என்று வந்தது. ஷைலஜா பதறிப்போனாள், எங்கேயோ தப்பு செய்துவிட்டோம் என்று.

"இல்லம்மா, சரியாத்தான் சொல்லுது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார் பாருங்கள்... கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

எனக்காக விருதுநகர்வரை பெண் தேடியவர் அவர். கடைசியில் நானும் ஷைலஜாவும் அவர் முன்னால் போய் நின்றபோது, கட்டிக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டு ஜாதகம் எதற்கு என்று பார்க்காமலே ஆசீர்வாதம் செய்தார். ஷைலஜா வீட்டார் கன்னடக்காரர்கள் என்று தயங்கிய என் அப்பாவிடம் போனில் பேசிச் சம்மதிக்க வைத்ததும் அவர்தான்.

நேற்று அடக்கம் முடிந்து பாரதி பேசினாள். தனக்குப் பிறகு மையம் வேண்டாம், பெண்கள் படம் ஒன்றுகூட எங்கேயும் மிச்சம் இருக்கக் கூடாது என்று அம்மா முன்பே சொல்லியிருந்தாராம். பேச்சு நடந்துகொண்டிருந்த குடும்பங்களுக்கு அவளே தகவல் சொல்லிவிட்டாள்.

இன்று காலை நானும் ஷைலஜாவும் சேர்ந்து அழித்தோம். படங்கள், ஜாதகங்கள், விலாசங்கள்... பேக்கப்பையும்.

எதுவும் மிச்சமில்லை அம்மா. நிம்மதியாகப் போய் வாங்க.