கிடாரத்தில் அவித்த சட்டை

என்னுடைய முதல் அரசாங்க வேலை நெருப்பு எரிப்பது. சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. திருகோணமலை உள்துறைமுகத்தின் அக்கரையில், உலகச் சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரக் கடற்படை கட்டிவிட்டுப் போன தகரக் கொட்டில்கள் நின்றன. சுற்றிவர முட்கம்பி. அந்த இடத்தைத் தொற்றுநோய்த் தடுப்பு முகாமாக வைத்திருந்தார்கள். பெரியம்மை இருக்கலாம் என்று சந்தேகப்பட்ட கப்பல் வந்தால், அதன் ஆட்களை அங்கே இறக்கி, நோய் இல்லை என்று தெரியும்வரை வைத்துப் பார்ப்பார்கள்.

விடும் நாளில்தான் எனக்கு வேலை. நீளமான கொட்டில் ஒன்றின் இந்தப் பக்கத்து வாசலில் ஆட்கள் உடுப்பைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். உடுப்பு ஒரு யன்னல் வழியாக என் பொயிலர் அறைக்கு வரும். நான் அதை நீராவிப் பெட்டிக்குள் போடுவேன். ஆட்கள் உள் கதவால் குளிக்கும் அறைக்குப் போவார்கள். யன்னல் இல்லாத சீமெந்து அறை அது. கூரையோடு ஓடும் குழாய்களிலிருந்து மருந்துத் தண்ணீர் மழைபோலக் கொட்டும். குளித்து முடித்தவர்கள் அந்தப் பக்கத்து வாசலால் வெளியே வர, அவர்களுடைய உடுப்பும் சூட்டோடு வந்து சேரும். போன வாசலால் யாரும் திரும்பி வரக்கூடாது. அது சட்டம்.

பொயிலரின் புகைக்கூடு உயரமானது. புகை இக்கரையில் ஓர்ஸ் ஹில்லுக்கும் தெரியும், லிங்கநகரில் எங்கள் வீட்டு முற்றத்துக்கும் தெரியும். எனக்கு அப்போதுதான் கல்யாணமான புதிது. புகை எழும்பினால், இன்றைக்கு இவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரமாட்டார் என்று என் மனைவி எனக்கு அரிசி போடாமல் விட்டுவிடுவாள். அந்தப் புகைக்கு அதைவிட வேறு கருத்து இருக்கலாம் என்று நான் நினைத்ததில்லை.

அந்த வருடம் தேயிலை ஏற்ற வந்த ஒரு கப்பலில் ஒருவனுக்கு அம்மை கண்டுவிட்டது. அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு மற்றவர்களை முகாமில் இறக்கினோம். ஆட்களை வள்ளத்தில் ஏற்றி இறக்குபவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் அண்ணர். அவர்கள் வழக்கப்படி காக்கா என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். வாய் சும்மா இருக்காது. நான் நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்காதவன் என்பதால், எனக்கும் சேர்த்து அவரே கதைத்துவிடுவார்.

இறங்கியவர்களில் கப்பல் தச்சன் ஒருவன் இருந்தான். மெலிந்த, தலை நரைக்கத் தொடங்கிய வெள்ளைக்காரன். வள்ளம் அணையும் ஜெட்டியில் கயிறு கட்ட அவன் கை கொடுத்தபோது சட்டைக் கை மேலே ஏறியது. முன்கையில் நீல நிறத்தில் வெறும் எண்கள் பச்சை குத்தியிருந்தன. நங்கூரம், பொம்பிளைப் படம் எல்லாம் கப்பல்காரர் கைகளில் பார்த்திருக்கிறோம். எண்ணைப் பார்த்ததில்லை.

"தம்பி, இவன்ட கையப் பாத்தியா?" என்றார் காக்கா. "சண்டைக்க நேவி யார்ட்டில எனக்குத் தந்த பித்தளை நம்பர் வில்லையத் துலைச்சுப்போட்டு, கேற்றில நிண்டு எவ்வளவு ஏச்சு வாங்கினன். இவன் கெட்டிக்காரன். துலையாம கையிலயே எழுதிப்போட்டான்."

நான் சிரித்தேன். தச்சனும் எங்களைப் பார்த்து, கதை விளங்காத விருந்தாளி சிரிப்பதுபோலச் சிரித்தான்.

அவனால் சும்மா இருக்க முடியாது. ஆடிய கட்டில்களையும் இறுகிய கதவுகளையும் கேளாமலே திருத்தினான். ஆனால் குளிக்கும் கொட்டிலின் பக்கம் மட்டும் அவன் போகவேயில்லை. அதன் கதவும்தான் இழுபட்டுக்கொண்டு கிடந்தது. மறந்துவிட்டான் என்று நினைத்தேன்.

ஒருவருக்கும் நோய் இல்லை என்று தெரிந்தது. விடும் நாள் காலையில் நான் பொயிலரை மூட்டினேன். அன்றைக்கு மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று. புகை மேலே போகாமல் முற்றத்தில் இறங்கியது. ஆட்கள் வரிசையில் நின்றார்கள். முகாமுக்குப் பொறுப்பான உதவி வைத்தியர், எங்கள் அப்போதிக்கரி ஐயா, வெள்ளைக் கோட்டோடு வாசலில் நின்று, ஒவ்வொருவராக உள்ளே போகும்படி கையால் காட்டிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், சத்தம் போட்டுக் கதைக்க மாட்டார்.

தச்சனின் முறை வந்தது. அவன் நகரவில்லை. ஐயாவின் கையைப் பார்த்தான், புகைக்கூட்டைப் பார்த்தான். பிறகு வரிசையை விட்டு ஓடிப்போய் முட்கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு, வயிற்றில் இருந்ததெல்லாம் வரச் சத்தி எடுத்தான். கையில் கம்பி குத்தி இரத்தம் வந்தது. கப்பல் அதிகாரி ஒருவர் கத்தினார். காவலுக்கு நின்ற பொலிஸ்காரர் அவன் தோளில் கை வைத்தார்.

"விடும், விடும். தொட வேண்டாம்," என்று ஐயா ஓடி வந்தார்.

மற்றவர்கள் குளித்து வந்து வள்ளம் ஏறினார்கள். ஐயா தச்சனை என் விறகு அட்டியின் மேல் இருத்தித் தானும் பக்கத்தில் இருந்தார். இங்கிலீசில் மெல்லக் கதைத்தார்கள். வெகுநேரம் கதைத்தார்கள். பிறகு ஐயா பொயிலர் அறைக்குள் வந்தார். மற்றவர்களைக் கப்பலில் விட்டுவிட்டு வந்த காக்காவும் அங்கேதான் நின்றார்.

"நெருப்பை அணையும்," என்றார் ஐயா.

அன்று அவர் சொன்னதை, எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன். அவனுடைய நாட்டை ஜெர்மன்காரன் பிடித்திருந்தான். அவனுடைய சாதிசனம் எல்லாரையும், யூதர் என்ற ஒரு குற்றத்துக்காக, மாடு ஏற்றும் ரயில் பெட்டியில் அடைத்துக் கொண்டுபோனார்கள். முட்கம்பி போட்ட பெரிய முகாமில் இறக்கினார்கள். மேடையில் ஒரு வைத்தியன் நின்று, நீ இந்தப் பக்கம், நீ அந்தப் பக்கம் என்று கையால் காட்டினானாம். வேலை செய்யக்கூடிய தச்சன் ஒரு பக்கம். தாயும் தங்கச்சியும் மறுபக்கம். அவர்களுக்குச் சொன்னது, உடுப்பைக் கழற்றிக் குளித்துவிட்டு வாருங்கள் என்று.

"குளிக்கிற அறைதான்," என்றார் ஐயா. "மேல குழாயும் இருந்ததாம். ஆனா வந்தது தண்ணியில்லை. நச்சுக் காத்து. பிறகு எரிச்சுப்போடுவாங்களாம். புகை நாள் முழுக்க வருமாம். என்ட அம்மா எங்கயெண்டு கேட்டவனுக்குப் புகைக்கூட்டைக் காட்டினாங்களாம்."

காக்கா கீழே குந்திவிட்டார். "கையில இருக்கிற நம்பர்?" என்று கேட்டார்.

"அங்க குத்தினதுதான். அதுக்குப் பிறகு அவருக்குப் பேர் இல்லை, அந்த நம்பர்தான்."

காக்கா இரண்டு கையாலும் தன் முகத்தை மூடிக்கொண்டார்.

பல வருடங்களுக்குப் பிறகு, தலைமயிர் வெட்டும் சலூனில் கிடந்த ஒரு பழைய சஞ்சிகையில் அப்படியான முகாம் ஒன்றின் படத்தைப் பார்த்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்துக் கூட்டித்தான் வாசித்தேன். தண்டவாளம் நேரே முகாமுக்குள் போகிறது. முதலில் பட்டாளக் கட்டடமாக இருந்து, பிறகு கைதிகளுக்கானதாகி, கடைசியில் கொல்வதற்கென்றே பெருப்பித்த இடமாம். செத்தவர்களின் சப்பாத்துகளைத் தனியாகவும், கண்ணாடிகளைத் தனியாகவும், வெட்டிய மயிரைத் தனியாகவும் குவித்து வைத்திருந்தார்களாம். எனக்கு மிகவும் விளங்கிய விடயம் அந்த ஒழுங்குதான். ஆள் ஒரு பக்கம், உடுப்பு ஒரு பக்கம். நெருப்பு எரிக்க அங்கேயும் ஆட்களை வைத்திருந்தார்கள்.

ஆனால் அன்றைக்கு எங்களுக்கு முன்னால் இருந்த கரைச்சல் வேறு. கப்பல் மறுநாள் பின்னேரம் புறப்படுகிறது. குளித்து, உடுப்பு அவித்து, ஐயா கையெழுத்து வைக்காமல் தச்சன் அதில் ஏற முடியாது. ஏறாவிட்டால் இங்கேதான் நிற்க வேண்டும். போவதற்கு அவனுக்கு ஊரும் இல்லை, எங்கே அவன் என்று தேட ஒருவரும் இல்லை. அந்தக் கப்பல்தான் வீடு.

"பலவந்தமா உள்ள தள்ள என்னால ஏலாது," என்றார் ஐயா. "நானும் அந்த வைத்தியனைப் போல வாசலில நிண்டு கையக் காட்டினனான். அவர் என்னைப் பாத்த பார்வை... சீ."

பிறகு காக்கா எழும்பினார். கண் சிவந்திருந்தது. ஆனால் அவருக்கு வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாது.

"என்ன பெரிய பொயிலர்? என்ட பொஞ்சாதி நெல்லு அவிக்கிற கிடாரத்தில போட்டா அந்தக் கால்சட்டை அவியாதோ?" என்றார், கோபம் பாதி பகிடி பாதியாக.

ஐயா கதவுப் பக்கம் திரும்பினார். அவர் போய்விடுவார் என்று எனக்குப் பட்டது. "ஐயா," என்றேன். அவர் நின்றார். மேற்கொண்டு சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

"கிடாரத்தில அவிக்கலாம், ஐயா. முத்தத்தில. அவர் பக்கத்தில நிண்டு பாக்கட்டும். குளிக்கிறது கிணத்தடியில. மருந்த வாளியில கலந்து குடுப்பம்."

ஐயா என்னையே பார்த்தார். "கொதிக்கிற தண்ணியில அரை மணித்தியாலம் கிடந்தா அம்மைக் கிருமி நிக்காது," என்றார் மெல்ல. "எந்தக் கொட்டிலில எண்டு சட்டத்தில இல்லை." பிறகு, "கிடாரம் வருமோ?" என்று காக்காவிடம் கேட்டார்.

"வராம? நான் தலையில வச்செண்டாலும் கொண்டருவன், ஐயா."

மறுநாள் காலை காக்காவின் வள்ளத்தில் அந்தப் பெரிய செம்புக் கிடாரம் வந்து இறங்கியது. அடியில் பழைய நெல்லுமி ஒட்டியிருந்தது. முற்றத்து நடுவில் மூன்று கல் வைத்து ஏற்றினோம். வெட்டவெளி. மூன்று பக்கமும் கடல் தெரிந்தது. நான் தச்சனைக் கூப்பிட்டுப் போய், ஆறிக்கிடந்த பொயிலரின் கதவைத் திறந்து காட்டினேன். உள்ளே சாம்பல்தான் இருந்தது. அவன் குனிந்து பார்த்தான்.

தண்ணீர் கொதித்தது. அவன் முற்றத்துக்கு வந்தான். ஆனால் சட்டையின் பொத்தானில் கை வைத்தபடி அப்படியே நின்றான். ஐயா ஏதோ சொன்னார். கை அசையவில்லை. கப்பலில் தேயிலைப் பெட்டி ஏற்றும் சத்தம் தண்ணீருக்கு மேலால் கேட்டுக்கொண்டிருந்தது. ஏற்றி முடிந்தால் அவ்வளவுதான்.

"சரி, முதல் என்ட," என்று காக்கா தன் சட்டையைக் கழற்றிக் கிடாரத்துக்குள் எறிந்தார். பிறகு ஐயாவைப் பார்த்து, "ஐயா, உங்கட கோட்டும் வெளுக்க வேணும்போலதான் கிடக்கு," என்றார்.

இன்னொரு நாள் என்றால் ஐயா அந்தக் கதைக்குக் கோபித்திருப்பார். அன்று பேசாமல் வெள்ளைக் கோட்டைக் கழற்றினார். உள்ளே பெனியனில் பெரிய ஓட்டை ஒன்று. அதைக் கையால் மறைத்துக்கொண்டு கோட்டைக் கிடாரத்தில் போட்டார். நானும் என் சட்டையைப் போட்டேன்.

தச்சன் எங்கள் மூன்று பேரையும், ஐயாவின் ஓட்டைப் பெனியனையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு பொத்தானைக் கழற்றத் தொடங்கினான்.

ஒவ்வொன்றாக அவனே போட்டான். நெல் கிண்டும் கட்டையை வாங்கி அவனே அமுக்கினான். ஒரு நிமிடமும் கண்ணை எடுக்கவில்லை. உடுப்பு கொதிக்க, நான் என் சாரம் ஒன்றைக் கட்டக் கொடுத்துக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனேன். கப்பியில் தண்ணீர் இழுத்து ஊற்றினேன். முதல் வாளிக்கு உடம்பு நடுங்கியது. வெயிலில் பளபளத்து விழுந்த தண்ணீரை அவன் உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தான். தலையைக் குனிந்து, இன்னும் ஊற்று என்பதுபோல் கையைக் காட்டினான். ஊற்றினேன். என் தோள் மரத்துப்போகும்வரை ஊற்றினேன். அவன் அழுதிருந்தாலும் அந்தத் தண்ணீரில் தெரிந்திருக்காது.

கிடாரத்திலிருந்து எடுத்த உடுப்பை வேலியில் காயப்போட்டோம். அவனுடைய கம்பளி மேல்சட்டை மட்டும் சுருங்கிச் சிறுபிள்ளைச் சட்டை அளவுக்கு வந்திருந்தது. அவன் அதைத் தன் நெஞ்சில் வைத்துப் பார்த்தான். முதலில் யாரும் சிரிக்கத் துணியவில்லை. அவன்தான் முதலில் சிரித்தான். பிறகு ஐயா, பிறகு எல்லாரும்.

"இனி இது என்ட சின்ன மகளுக்குத்தான் அளவு," என்றார் காக்கா. ஐயா அதை மொழிபெயர்த்தார். தச்சன் சட்டையை நாலாக மடித்து, காக்காவின் கையில் வைத்து, அவர் விரல்களை அதன் மேல் மூடினான்.

ஐயா கையெழுத்து வைத்தார். நானும் வள்ளத்தில் கப்பல்வரை போனேன். தச்சன் தன் சட்டைக் கையை மூக்கில் வைத்து மணந்து பார்த்து, என்ன இது என்று முகத்தால் கேட்டான்.

"நெல்லு," என்றார் காக்கா. "எங்கட நெல்லு. போற ஊரெல்லாம் மணக்கட்டும்."

அவன் ஏணியில் ஏறி, மேலே நின்று, எண் தெரியக் கையை உயர்த்தி ஆட்டினான். கப்பல் குடாவைத் தாண்டும்வரை நாங்கள் வள்ளத்தை எடுக்கவில்லை. எனக்குச் சரியான பசி.

"கிடாரத்தில கால்சட்டை அவிச்சதெண்டு தெரிஞ்சா அவள் என்னைக் கொன்றுபோடுவாள்," என்று வழி முழுக்கப் புலம்பினார் காக்கா. "நீ சொல்லிப்போடாத, தம்பி."

நான் சொல்லவில்லை. அந்த வருட மாரிக்கு அவருடைய சின்ன மகள் கம்பளிச் சட்டையோடு கிண்ணியா ஜெட்டியில் மழைக்குள் ஓடித்திரிவதைக் கண்டேன். அடுத்த மாரிக்கும் கண்டேன்.