தேரான வேன்

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் வாசலில் இருபது வருஷமாக மனு எழுதுகிறவர் ரேணுகாம்பாள். யார், எந்த ஊர், என்ன நடந்தது, என்ன வேண்டும். அவருக்குத் தெரிந்த இலக்கணம் அவ்வளவுதான். "கருணைக் கடலேன்னு ஒரு வரி போடும்மா" என்று யாராவது கெஞ்சினால், "கலெக்டருக்கு நீச்சல் தெரியுமோ தெரியாதோ, நமக்கு எதுக்கு வம்பு?" என்பார். அவர் மனுவுக்கு ஓர் அதிகாரி தூக்கத்திலேயே சரியான உத்தரவு போட்டதாகக்கூட அங்கே பேச்சு உண்டு.

அந்தக் கையால் ஒரே ஒரு கதை எழுதினார், தங்கை ரேவதியைப் பற்றி. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கும்போது அவளைப் பாம்பு கடித்தது. பக்கத்து வீட்டு வாசலில் வேன் நின்றது. வாந்தி எடுத்தால் சீட்டு பாழாகும் என்று வேன்காரர் சாவி தரவில்லை. ரேவதி செத்துப்போனாள். மூன்றே பக்கம். வருஷாவருஷம் ஊரில் கதைத் தொகுப்பு போடும் சக்கரவர்த்தியிடம் கொடுத்தார்.

சக்கரவர்த்தி எழுதும் வாக்கியம் ராஜகோபுரத்தில் கிளம்பி, மலையைச் சுற்றி வந்து, அப்போதும் முடியாமல், வாசலில் விட்ட செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும். வெளியீட்டு விழாவன்று, செங்கம் ரோட்டு மண்டபத்தில், தன் கதையைப் பிரித்த ரேணுகாம்பாளுக்கு ஊசிப்போன சாம்பாரை வாயில் வைத்த மாதிரி இருந்தது.

'நீலநாகத்தின் முத்தத்தில் நிலாமகள் கிறங்க, விதியெனும் தேர் அசைய மறுக்க, மரணத்தின் மடியில் அவள் மல்லிகையாய் மலர்ந்தாள்.'

மலர்ந்தாளாம்! வாயில் நுரை தள்ளி, கால் பூசணிக்காயாய் வீங்கிக் கிடந்தவள்.

"என்ன சார் இது?"

"கொஞ்சம் மெருகேத்தினேம்மா. உங்களுது மனு மாதிரி இருந்துச்சு. இலக்கியம்னா ஜோடனை வேணாமா?"

"வேன் எங்க சார்?"

"அதான் தேர்னு போட்டிருக்கேனே!"

"தேருக்கு ஓனர் விதியா? அந்தாளு இன்னைக்கும் ஸ்கூல் புள்ளைங்கள ஏத்திக்கினு போறான் சார். அவன் தப்பிச்சிட்டான், என் தங்கச்சி பூவாயிட்டா. த்தூ!"

அதற்குள் மேடையில் கூப்பிட்டார்கள். சக்கரவர்த்தி சிரித்துக்கொண்டே பொன்னாடை போர்த்தி, மைக்கைக் கொடுத்து, இரண்டு வரி படிக்கச் சொன்னார். ரேணுகாம்பாள் புத்தகத்தை மூடினார்.

"அனுப்புநர், ரேணுகாம்பாள். பெறுநர், இங்க உக்காந்திருக்கிற எல்லாரும். பொருள், வேன் தராதது. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் என் தங்கச்சியைப் பாம்பு கடிச்சுது. இன்னைக்கும் ஸ்கூல் புள்ளைங்கள ஏத்துற வேன் பக்கத்து வீட்டு வாசல்ல நின்னுது. சாவி கேட்டோம். சீட்டு பாழாயிடும்னாரு. செத்துட்டா."

அதுவரை மரணமும் மல்லிகையும் தாலாட்டத் தூங்கிக்கொண்டிருந்த மண்டபம் விழித்துக்கொண்டது. கடைசி வரிசையிலிருந்து முருகையன் என்ற விவசாயி எழுந்தார்.

"எங்க பேத்தியும் கீழ்பென்னாத்தூர்ல வேன்லதான் போவுது. யாரு வேனும்மா அது?"

ரேவதி செத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து ஒருத்தர் கேட்டுவிட்டார். சக்கரவர்த்தி பதறி மைக்கைப் பிடுங்க வந்தார். ரேணுகாம்பாள் பொன்னாடையைக் கழற்றி அவர் கைகளைச் சேர்த்துச் சுற்றிவிட்டு, வேன்காரர் பெயரை அப்பா பேரோடும் தெருப்பேரோடும் சொன்னார்.