வகுக்கும் எண் வலப்பக்கம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கணக்கு வாத்தியார் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லி வைத்திருந்தேன். பத்தாம் வகுப்பில் தவறிய பெரியவர்கள் மறுபடி பரீட்சை எழுத, அரசே டியூஷன் கட்டணத்தைக் கட்டும் திட்டம் ஒன்று வந்தபோது, நெல்லித்தோப்புப் பள்ளிக்கூடம் ஒன்றில் சாயங்கால வகுப்பெடுக்க என்னைப் போட்டார்கள். மூலக்குளம் வீட்டிலிருந்து வண்டியை எடுத்தால் ஐந்து மணிக்குப் போய்விடலாம். பிள்ளைகளுக்குச் செய்த பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள், பெரும்பாலும் என்னைவிட மூத்தவர்கள்.

அவர்களில் ஒரு அம்மாவுக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அரசு அலுவலகம் ஒன்றில் பல வருடங்களாகத் தினக்கூலிக்குப் பெருக்கித் துடைக்கிறவர். பத்தாவது தேறினால்தான் வேலை நிரந்தரம். அதற்கான வயது வரம்பு அந்த வருடத்தோடு அவருக்கு முடிகிறது. மற்ற பாடமெல்லாம் தேறிவிட்டார். கணக்கு மட்டும் பாக்கி.

அந்தக் கணக்கில்தான் என் பொறுமை போனது. மாதத் தேர்வில் அவர் தாளைப் பார்த்தால் எண்கள் மேலும் கீழுமாகக் கிடக்கும். முதல் மாதம் பன்னிரண்டு, இரண்டாம் மாதம் பதினொன்று. புள்ளி வைக்க வேண்டிய இடத்திலெல்லாம் காற்புள்ளி. வகுத்தல் வந்தால் எதை எதால் வகுக்கிறார் என்றே விளங்காது. நான் சிவப்புப் பேனாவால் ஒரே கோடாக இழுத்துவிட்டு, "கவனம் இல்லை" என்று எழுதுவேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, மடித்துப் பையில் வைத்துக்கொள்வார். ஒரு வார்த்தை கேட்டதில்லை.

திட்டத்தில் ஒரு விதி இருந்தது. மூன்று மாதம் முன்னேற்றம் இல்லையென்றால் பெயரை எடுத்துவிட்டு, காத்திருப்பவர்களில் ஒருவரைச் சேர்க்க வேண்டும். மூன்றாம் மாதத் தேர்விலும் அவருக்குப் பத்துதான். நீக்க வேண்டியவர்கள் பட்டியலில் அவர் பெயரை எழுதி, கையெழுத்தும் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். சொல்லாமல் நீக்குவது நன்றாக இல்லை என்று தோன்றியது. எல்லார் முன்னாலும் அவருக்குக் கணக்கு வரவில்லை என்பதைக் காட்டிவிட்டால் பேச்சில்லாமல் முடியும் என்றும் தோன்றியது. அந்த இரண்டாவது எண்ணத்தை இன்று எழுதவே கூசுகிறது.

பலகைக்குக் கூப்பிட்டேன். நாற்பத்தேழு புள்ளி இரண்டு ஐந்தை மூன்றரையால் வகுக்கச் சொன்னேன்.

இரண்டு எண்ணையும் பத்தால் பெருக்கிக்கொண்டு, அவர் முதலில் 472,5 என்று எழுதினார். அதற்கு வலப்பக்கம் நெட்டாக ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் 35. முப்பத்தைந்துக்குக் கீழே குறுக்காக ஒரு கோடு.

"என்னம்மா இது, எல்லாம் இடவலம் மாத்திப் போடுறீங்க? முப்பத்தஞ்சு இந்தப் பக்கம் இல்ல வரணும்?"

அவர் திரும்பவில்லை. இடப்பக்கம் 122, அதற்குக் கீழே 175, அதற்குக் கீழே 0. குறுக்குக் கோட்டுக்கு அடியில் 13,5. சாக்பீஸை வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். நான் அப்போது என் தாளில் முதல் பெருக்கலைத்தான் முடித்திருந்தேன்.

"பதிமூணா, அஞ்சா? ஒன்னச் சொல்லுங்க."

"பதிமூன்ற சார்."

என் தாளில் ஆறு வரி ஓடியது. விடை பதிமூன்றரை. அவருக்கு மூன்றே வரி. பெருக்குவதையும் கழிப்பதையும் மனதிலேயே முடித்து, மிச்சத்தை மட்டும் எழுதியிருக்கிறார். வேறொரு கணக்கு கொடுத்தேன். பிறகு இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் எனக்கு முன்னால் முடித்தார். நான் பிரமித்துப் போய் நின்றேன்.

"யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"எட்டாவது வரிக்கும் பிரெஞ்சு ஸ்கூல் சார். எங்க மத்மசேல் புள்ளிக்குக் கமா வெச்சு இப்படித்தான் போடச் சொல்லுவாங்க." அந்தப் பள்ளி டீச்சரம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். "அப்பா போனதும் தமிழ் ஸ்கூல்ல சேத்துட்டாங்க. பத்தாவதுல கணக்கு ரெண்டு வாட்டி ஃபெயிலு. உனக்குக் கணக்கு வராதுன்னாங்க. நானும் வராதுன்னே இருந்துட்டேன்."

நான் விழுப்புரத்துக்காரன். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட இந்த ஊரில் பத்து வருடம் சம்பளம் வாங்கியும், இங்கே இப்படி ஒரு வகுத்தல் இருப்பது எனக்குத் தெரியாது. அவருடைய மூன்று மாதத் தாள்களையும் மறுநாள் கொண்டுவரச் சொல்லி, உட்கார்ந்து திருத்தினேன். பத்து வாங்கிய தாளில் அறுபத்தெட்டு வந்தது. அவர் ஒரு கணக்கைக்கூடக் கவனமில்லாமல் போட்டிருக்கவில்லை. கவனமில்லாமல் இருந்தது நான்தான். சட்டைப் பையில் இருந்த பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டு, அவரிடம் போய் "மன்னிச்சிடுங்கம்மா" என்றேன். "ஐயோ, அதெல்லாம் எதுக்கு சார்" என்று எழுந்து நின்றுவிட்டார்.

அதற்குப் பிறகு வேலை ஒன்றுதான். திருத்துகிறவர் படிக்கிற மாதிரி எழுத வேண்டும். புள்ளியும், இடப்பக்கத்து வகுத்தலும் அவருக்கு ஒரே வாரத்தில் பழகிவிட்டன. அவர் முறையைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு மாதம் ஆனது. வீட்டில் யாரும் இல்லாதபோது அந்த மூன்று வரி வகுத்தலைப் போட்டுப் பார்ப்பேன். மனதிலேயே கழிக்கப் போய் எங்காவது இடறிவிடும். வாளியும் துடைப்பமுமாகப் பகலெல்லாம் நின்றுவிட்டு வந்து, இதை இந்த வேகத்தில் எப்படிப் போடுகிறார் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

கணக்கில் எழுபத்தொன்று. முடிவு வந்த அன்று இனிப்புப் பெட்டியோடு பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். அலுவலகத்தில் சான்றிதழ் நகல் கேட்டிருக்கிறார்கள், ஆணை வந்துவிடும் என்றார். நான்தான் வாய் ஓயாமல் பேசினேன். அவர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பையின் வாரைத் தோளில் சரிசெய்துகொண்டே கேட்டார்.

"சார், நான் பதினாறு வயசுல எழுதின கணக்குப் பேப்பரு எங்கனா இருக்குமா?"

"இருக்காதும்மா. அதெல்லாம் அப்பவே கழிச்சிருப்பாங்க."

"இல்ல, இருந்தா நீங்க ஒரு வாட்டி திருத்திப் பாப்பீங்களோன்னு கேட்டேன்."

அவர் பெட்டியைத் திறந்து, முதலில் என்னை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.